தேக்கு மேசையின் இழுப்பறைகள்: சேனல் இல்லாமல் துல்லியமாகப் பொருத்த முடியுமா?

முகப்புத்தூண் (தேவகோட்டை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் இடிக்கப்பட்ட ஒரு பழைய வீட்டின் உத்திரக் கட்டைகளில் சிலவற்றை வாங்கி, மில்லில் பலகையாக அறுத்து, மகள் படிப்பதற்கென்று ஒரு மேசை செய்யக் கொடுத்திருந்தேன். வைரம் பாய்ந்த பர்மா தேக்கு என்பதால் மேசை பார்ப்பதற்கு அழகாகவே வந்திருக்கிறது. குறை முழுவதும் இழுப்பறைகளில்தான் உள்ளது. வலப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்றும், நடுவில் அகலமான ஒன்றும் இருக்கின்றன. சித்திரையில் மேசை வீட்டுக்கு வந்தபோது நான்கும் வழுக்கிக்கொண்டு ஓடின. ஐப்பசி மழை பிடித்ததும் வலப்பக்கத்து மூன்றும் இறுகிக்கொண்டன. செய்தவரை அழைத்தேன், அவர் பக்கங்களிலும் மேல் விளிம்பிலும் கைக்கு வந்த மட்டும் இழைத்துவிட்டுப் போனார். இப்போது தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு, மூன்றும் கூட்டுக்குள் கடகடவென்று ஆடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு ஆடுகின்ற பெட்டிகளே பாதி வழியில் கோணிக்கொண்டு சிக்கவும் செய்கின்றன. நடுவில் உள்ள அகலப் பெட்டியோ, ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்து இழுத்தால் பாதிக்கு மேல் வருவதே இல்லை. "தேக்கு என்றால் அப்படித்தான் இருக்கும், டெலஸ்கோபிக் சேனல் போட்டுவிடுவோம்" என்கிறார் அவர்; பெட்டியின் இரு பக்கமும் பொருத்துகின்ற, நீண்டு சுருங்கும் இரும்பு ஓடுபாதையைத்தான் சொல்கிறார்.

எங்கள் பாட்டையா ரங்கூன் கிட்டங்கியிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு மேசை வீட்டுக் கூடமான பட்டாலையில் கிடக்கிறது. அதன் இழுப்பறையில் ஒரு துண்டு இரும்புகூடக் கிடையாது. பக்கத்தில் ஒரு தாளைச் செருகினால் தாள் நிற்கிறது, ஆனாலும் ஒற்றை விரலால் தள்ளினால் பெட்டி உள்ளே போய்விடுகிறது, ஐப்பசியிலும் அப்படியேதான். அந்தத் துல்லியம் எப்படி வந்தது, என் மேசையின் பெட்டிகளை இனிக் காப்பாற்ற முடியுமா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பள்ளத்தூரான்

முதலில் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்துவிடுகிறேன். பழைய மேசையைக் காட்டி அக்காலத்து வேலையே வேலை என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அன்று செய்த இழுப்பறைகளில் நன்றாக ஓடியவை பட்டாலையில் இருக்கின்றன, சிக்கியவை எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டன. நாம் பார்ப்பது மிஞ்சியவற்றை மட்டும்தான்.

சேனலில் குண்டுகள் உருள்வதால் மரம் உப்பினாலும் சுருங்கினாலும் பெட்டிக்குக் கவலையில்லை. பக்கத்துக்கு அரை அங்குலம் இடம் போகும் என்பதைத் தவிர அதில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. கையால் பொருத்துகின்ற ஆசாரிக்கு நான்கு பெட்டிக்கு எத்தனை நாள் கூலி கொடுப்பது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். துல்லியம் என்ற பெயரில் நாம் கேட்பது ஒரு வகை ஆடம்பரம் என்றே நினைக்கிறேன்.

உளிச்சுருள் (காரைக்குடி)

பள்ளத்தூரான் ஐயா சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். சமையலறையிலும், கோப்புகள் அடுக்கும் கனமான பெட்டிகளிலும் நானே சேனல்தான் போடுகிறேன். ஆனால் தேக்கு என்றால் அப்படித்தான் இருக்கும் என்ற பேச்சை ஏற்க முடியாது. பட்டறையில் இந்த வேலையையே செய்துகொண்டிருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பக்கவாட்டு இடைவெளியும் உயர இடைவெளியும் வெவ்வேறு சங்கதிகள். இரண்டையும் ஒரே இழைப்பில் தீர்க்கப் பார்த்ததுதான் அந்தப் பெட்டிகளுக்கு நேர்ந்த கேடு. மரம் நார் ஓடுகின்ற நீளவாக்கில் மழைக்கும் வெயிலுக்கும் கண்ணுக்குத் தெரிகின்ற அளவில் மாறுவதில்லை. நாருக்குக் குறுக்கேதான் உப்பிச் சுருங்கும். இழுப்பறையின் முகப்புப் பலகையில் நார் இடமிருந்து வலமாக ஓடுகிறது, மேசைக் கூட்டின் குறுக்குச் சட்டங்களிலும் அவ்வாறே ஓடுகிறது. ஆகவே பெட்டியின் அகலமும், அது நுழைகின்ற வாயின் அகலமும் ஐப்பசியிலும் சித்திரையிலும் ஒன்றேதான். பக்கப் பலகையின் தடிமன் கொஞ்சம் மாறும் என்றாலும், மூன்று நூல் (நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தடிமனுள்ள பலகையில் அது பொருட்படுத்தத் தக்கதன்று. உயரத்தின் கதை வேறு. கூட்டின் கால்களில் நார் நெட்டுக்குத்தாக நிற்பதால் வாயின் உயரம் மாறாது, ஆனால் அந்த வாய்க்குள் நிற்கும் முகப்பும் பக்கப் பலகைகளும் உயரவாக்கில் உப்பும். எனவே பக்கங்களில் ஒரு தாளின் கனத்துக்கு மேல் இடைவெளி வேண்டியதில்லை. உயரத்தில் மட்டும், பெட்டியைப் பொருத்துகின்ற மாதத்தைப் பார்த்து இடைவெளி விட வேண்டும். மழைக் காலத்தில் பொருத்தினால் மிகக் குறைவாகவும், பங்குனி சித்திரையில் பொருத்தினால் தாராளமாகவும் விடுவது எங்கள் வழக்கம். உங்கள் மேசையில் உயரத்தில் இறுகிய பெட்டிக்குப் பக்கத்தில் இழைத்திருக்கிறார்கள்.

அடுத்து வேலையின் வரிசையைச் சொல்கிறேன். பெரும்பாலானவர்கள் பெட்டியை முழுதாகச் செய்து முடித்து, பிறகு கூட்டுக்குள் தள்ளிப் பார்த்து, எங்கே இடிக்கிறதோ அங்கே இழைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பெட்டி ஓடும், பொருந்தாது. துல்லியம் கூட்டிலிருந்து தொடங்க வேண்டும். பெட்டி ஓடுகின்ற இரண்டு கீழ்ச்சட்டங்களும் முன் குறுக்குச் சட்டத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று நேர்கோல் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முறுக்கில்லாமல் கிடக்கின்றனவா என்பதை, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு நேர்க்குச்சிகளைக் குறுக்கே வைத்து, குனிந்து ஒரு கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும். பக்கங்களில் வழிகாட்டுகின்ற சட்டங்கள் பின்னோக்கிப் போகப் போக நெருங்கிவிடக் கூடாது, முன்வாயை விடப் பின்புறம் ஒரு தாள், இரண்டு தாள் கனம் அகலமாக இருப்பதே நல்லது. நெருங்கியிருந்தால் பெட்டி கடைசி நான்கு அங்குலத்தில் ஆப்பு வைத்தாற்போல் இறுகும், அதைப் பெட்டியில் இழைத்துத் தீர்க்கவே முடியாது. கூட்டின் பக்கம் அகலமான ஒரே பலகையாக இருந்தால், கீழ்ச்சட்டத்தை முன்பக்கத்தில் மட்டும் பசையிட்டு, பின்பக்கத்தைப் பசையில்லாமல் துளைக்குள் விட வேண்டும். இல்லையென்றால் பக்கப் பலகை வெயிலில் சுருங்கும்போது வெடித்துவிடும்.

கூடு சரியான பிறகு முகப்புப் பலகை. அதை வாயின் அளவுக்கு இழைத்து, பின்பக்க விளிம்புகளை மயிரிழை சரித்து, வாய்க்குள் தொட்டும் தொடாமலும் பாதி நுழைகின்ற நிலையில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பின் பலகையின் நீளத்தை முகப்பின் நீளத்துக்கே அறுக்க வேண்டும். பக்கப் பலகைகளை இடது, வலது என்று பென்சிலால் குறித்து, மூட்டு வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் அதனதன் பக்கத்தில் தனியாக ஓட்டிப் பார்த்து உயரத்தைச் சரி செய்ய வேண்டும். இங்கிலாந்தில் எட்வர்டு பார்ன்ஸ்லியின் பட்டறையில் பயின்ற ஆலன் பீட்டர்ஸ் போன்றவர்கள் இழுப்பறைக்கென்றே பெயர் பெற்றவர்கள். அந்த மரபிலும் வேலை இந்த வரிசையில்தான் நடக்கிறது.

இனி மூட்டு. விரிந்த புறாவால் வடிவில் வெட்டிக் கோக்கின்ற புறாவால் மூட்டுக்கு முகப்பின் உட்புறத்தில் கோடு கிழிக்கும்போது, விளிம்புக்கு இணையாகக் கோடு கிழிக்கும் கருவியான மார்க்கிங் கேஜைப் பக்கப் பலகையின் தடிமனுக்குச் சரியாக வைக்காமல், அதைவிட ஒரு தாள் கனம் குறைத்து வைக்க வேண்டும். இந்த வேலையின் சூட்சுமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பேன். அப்படிச் செய்தால், பெட்டியைச் சேர்த்தபின் பக்கப் பலகைகள் முகப்பின் வெட்டுமுகத்தை, அதாவது நார் அறுபட்ட முனையை, தாண்டி அந்தத் தாள் கனத்துக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். முகப்பு ஏற்கெனவே வாய்க்குச் சரியான நீளம் என்பதால், துருத்திய பக்கங்களை முகப்பின் வெட்டுமுகம் தட்டுப்படுகின்ற வரையில் இழைத்து நிறுத்திவிட்டால் பெட்டியின் அகலம் தானாக வாயின் அகலத்துக்கு வந்துவிடும். கேஜைக் கூட்டி வைத்தவர்களுக்கு இந்த எல்லை கிடைக்காது, அவர்கள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இழைத்துக்கொண்டே போவார்கள்.

சேர்க்கும்போது அடிப்பலகை இல்லாமலேயே சேர்த்து, இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று அளந்து, முறுக்கு இருக்கிறதா என்று அதே நேர்க்குச்சிகளால் பார்த்துவிட வேண்டும். பசை காய்ந்த பிறகு கோணலைச் சரி செய்ய எவராலும் இயலாது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. மூட்டை வெட்டிய அன்றே, தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் பசையிட்டால்தான் நன்றாகப் பிடிக்கும்.

கடைசிப் பொருத்தத்தின்போது கூட்டின் முதுகுப் பலகையை அடிக்காமல் வைத்திருப்பேன். பின்னால் ஒரு விளக்கை வைத்தால் எங்கே வெளிச்சம் வருகிறது, எங்கே வரவில்லை என்பது தெரியும். பெட்டியை நான்கைந்து முறை உள்ளே தள்ளி வெளியே இழுத்துவிட்டு, பக்கப் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உரசிய இடங்கள் மட்டும் பளபளவென்று மெருகேறித் தெரியும். அந்தப் பளபளப்பை மட்டும், இழைப்புளியில் அலகை மிகவும் உள்ளே தட்டி வைத்து, ஊதினால் பறக்கின்ற சுருளாக ஒன்றோ இரண்டோ எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் உப்புத்தாளைக் கையில் எடுக்கவே கூடாது. அது மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே தேய்க்கும், துகளும் மரத்தில் தங்கிவிடும்.

நூல்கணக்கு (கோட்டையூர்)

உளிச்சுருள் அவர்களின் விளக்கத்துக்குச் சில எண்களைச் சேர்க்கிறேன். பச்சை மரம் முழுவதும் உலர்கின்ற வரையில் தேக்கு, ஆண்டு வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், வளையங்களுக்குக் குறுக்கே ஆரப் போக்கில் ஏறத்தாழ 2.5 விழுக்காடும் சுருங்கும். ஈரப்பதத்தின் ஒவ்வொரு விழுக்காட்டு மாற்றத்துக்கும் முன்னதில் சுமார் 0.19 விழுக்காடும், பின்னதில் சுமார் 0.10 விழுக்காடும் அளவு மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தரை அங்குல உயரமுள்ள, அதாவது 140 மி.மீ. பக்கப் பலகையில், வெயில் காலத்துக்கும் அடைமழைக்கும் இடையே மரத்தின் ஈரம் 4 விழுக்காடு மாறுகிறது என்று கொண்டால், சாதாரணமாக அறுத்த பலகை 1 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக உப்பும். வளையங்கள் பலகையின் முகத்துக்குக் குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை 0.6 மி.மீ.க்குள் நின்றுவிடும். நம் அளவில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3.2 மி.மீ.; ஆக முதல் பலகைக்கு மூன்றில் ஒரு நூலும், இரண்டாவதற்கு ஐந்தில் ஒரு நூலும் இடம் வேண்டும். பக்கப் பலகைக்கு இப்படி அறுத்த நேர்நார்ப் பலகையைத் தேர்ந்தெடுப்பதன் பயன் இதுதான்.

பழைய உத்திரத்து மரம் நூறாண்டு காய்ந்தது, அது இனி அசையாது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் உள்முறுக்கம் அடங்கியிருக்கும் என்பது உண்மை, ஆனால் காற்றின் ஈரத்துக்கேற்ப அதுவும் உப்பிச் சுருங்கவே செய்யும்.

அகலப் பெட்டி கோணுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. பெட்டியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடித்து இழுக்கிறோமோ, அந்தத் தூரத்தை உராய்வு எண்ணால் பெருக்கி, இரண்டால் பெருக்குங்கள். கூட்டுக்குள் மிச்சமிருக்கும் பெட்டியின் நீளம் அந்த விடையை விடக் கூடுதலாக இருக்கின்ற வரையில் பெட்டி ஓடும். குறைந்தால் எவ்வளவு பலமாக இழுத்தாலும் பூட்டிக்கொள்ளும். மரத்தின்மேல் மரம் உராய்வதற்கு 0.3 என்றும், கைப்பிடி நடுவிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருக்கிறது என்றும் கொண்டால், விடை 180 மி.மீ. வருகிறது. முகப்புத்தூண் அவர்களின் அகலப் பெட்டி பாதிக்கு மேல் வராததன் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மெழுகு தடவி உராய்வை 0.15 ஆக்கினால் அதே பெட்டி 90 மி.மீ. மிச்சமிருக்கும் வரை வரும்.

பள்ளத்தூரான்

நூல்கணக்கு அவர்களுக்கு நன்றி. ஆனால் நீங்கள் கொடுத்த கணக்கில் இடைவெளி என்ற ஒன்று எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பிடிக்கும் இடம், உராய்வு, உள்ளே இருக்கும் நீளம் ஆகிய மூன்று மட்டும்தான் அதில் இருக்கின்றன. அப்படியானால் பெட்டி தாள் இடைவெளியில் ஓடினால் என்ன, ஒரு நூல் இடைவெளியில் ஓடினால் என்ன? இறுக்கமாகப் பொருந்திய பெட்டிதான் சிக்காமல் ஓடும் என்பது பட்டறை நம்பிக்கையே அன்றி வேறென்ன?

நூல்கணக்கு (கோட்டையூர்)

கேள்வி சரியானது. அந்தக் கணக்கில் இடைவெளி வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது முனை மழுங்காத, ஒன்றையொன்று குடையாத இரண்டு பரப்புகளுக்கான கணக்கு.

உளிச்சுருள் (காரைக்குடி)

அந்தக் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. இடைவெளி குறைவாக இருந்தால் பெட்டி திரும்புகின்ற கோணமும் மிகச் சிறியது. அப்போது பக்கப் பலகை தன் முகத்தால் வழிச்சட்டத்தின் மேல் ஏறத்தாழப் படுத்துக்கொண்டு வழுக்கும். ஒரு நூல் இடைவெளி இருந்தால் பெட்டி நன்றாகத் திரும்பி, பின்மூலையின் கூர்விளிம்பு சட்டத்தைக் குடையும். முன்னால் வாயின் விளிம்பு பக்கப் பலகையைக் குடையும். குடைகின்ற இடத்தில் உராய்வு எண் 0.3 என்று நிற்காது. பழைய மேசைகளின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், ஆடுகின்ற பெட்டிகளின் வழிச்சட்டங்களில் அந்தக் குடைந்த வடு வரிசையாகத் தெரியும். முகப்புத்தூண் ஐயாவின் பெட்டிகள் ஆடிக்கொண்டே சிக்குவதும் இதனால்தான்.

இதனாலேயே பின்மூலைகளின் கூர்மையை நான் லேசாக உருட்டிவிடுகிறேன். பின்பக்கத்தில் ஒன்றிரண்டு சுருள் கூடுதலாக எடுப்பதும் உண்டு. முன்பக்கம் இறுக்கமாகவும் பின்பக்கம் மயிரிழை தளர்வாகவும் இருந்தால், பெட்டி தொடக்கத்தில் இலேசாக நுழைந்து, மூடுகின்ற நேரத்தில் தானே அடங்கி நிற்கும்.

கல்லுக்கட்டி மேற்கு

உளிச்சுருள் அண்ணன் மூட்டைப் பற்றியே எழுதிவிட்டு அடிப்பலகையை விட்டுவிட்டார். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை விருந்தினர் விடுதிகளாக மாற்றுகின்ற வேலையில் அறைகலன்கள் செய்து கொடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், பக்கங்களை எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினாலும் அடிப்பலகையில் கெடுத்துவிட முடியும். பிளைவுட் அல்லாத கட்டை மரத்தில் அடிப்பலகை போடுவதானால் நார் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். அப்போது அது முன்பின்னாக உப்பும், பக்கங்களைத் தள்ளாது. முன்விளிம்பை மட்டும் முகப்பில் வெட்டிய நீள்பள்ளமான காடியில் பசையிட்டுவிட்டு, பின்விளிம்பைப் பின் பலகைக்கு அடியில் நீட்டி விட்டு, நீண்ட துளை போட்டு ஒரே ஒரு ஸ்குரூவால் பிடிக்க வேண்டும். நாரை முன்பின்னாக ஓடவிட்டுக் காடிக்குள் இறுக்கிவிட்டால், மழைக் காலத்தில் அடிப்பலகை இரண்டு பக்கங்களையும் வெளியே தள்ளும். பெட்டி நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு இறுகும். ஆசாரி வந்து பக்கத்தை இழைப்பார். இந்த மேசையில் அப்படி ஏதேனும் நடந்திருக்கிறதா என்று பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

பக்கப் பலகை மூன்று நூல் தடிமன்தான் என்றால் அதிலேயே காடி வெட்டுவதை நான் தவிர்க்கிறேன். காடி வெட்டிய ஒரு சிறு சட்டத்தை உட்புறத்தில் அடியோரமாக ஒட்டிவிட்டால், பலகையும் பலவீனப்படாது, கீழ்ச்சட்டத்தின் மேல் உட்காருகின்ற பரப்பும் இரு மடங்காகும். தேய்மானம் குறையும்.

ஏ.சி. போடுகின்ற அறைகளில் நம் மாதக் கணக்கு செல்லாது. வெளியே ஐப்பசி மழை கொட்டும்போதும் அறைக்குள் காற்று உலர்ந்திருக்கும். விடுதியில் ஆளில்லாத நாட்களில் ஏ.சி. நிற்கும், மரம் மீண்டும் ஈரம் குடிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் மாற்றம் அங்கே அடிக்கடி வருகிறது. அத்தகைய இடங்களுக்கு நான் அடிப்பலகைக்கு மட்டும் நல்ல பிளைவுட் போடுகிறேன். அண்ணனுக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

இன்னொன்று, காற்று. பெட்டி உண்மையாகவே பொருந்திவிட்டால், தள்ளும்போது உள்ளே அடைபட்ட காற்று அதை எதிர்க்கும். ஜப்பானில் கிரி என்னும் இலேசான மரத்தில் செய்கின்ற உடைப் பெட்டகங்களில், ஓர் இழுப்பறையை மூடினால் மற்றோர் இழுப்பறை மெல்ல வெளியே வரும். அதை அங்கே நல்ல வேலைக்கு அடையாளமாகக் கொள்கிறார்கள். மேசைக்கு அது தொந்தரவு. பின் பலகையின் உயரத்தைப் பக்கங்களை விட ஒன்றரை நூல் குறைத்துவிட்டால் காற்று வெளியேறிவிடும்.

உளிச்சுருள் (காரைக்குடி)

பிளைவுட் பிடிக்காதுதான், ஆனால் ஏ.சி. அறைக்கு மறுக்கவும் மாட்டேன். கோயில் வீட்டுச் சாமான் வைக்கின்ற பெட்டிக்குக் கேட்டால் கட்டை மரம்தான் போடுவேன்.

முகப்புத்தூண் (தேவகோட்டை)

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பலகையில் நார் இடம் வலமாகத்தான் ஓடுகிறது, அதில் குறையில்லை. வலப்பக்கத்து மூன்று பெட்டிகளும் ஐந்தரை அங்குல உயரம். உயரத்தில் இப்போது அரை நூல் இடைவெளி இருக்கிறது. பக்கங்களில் இரு புறமும் சேர்த்து ஒரு நூலுக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது, முகப்பின் ஓரங்களையும் சேர்த்தே இழைத்திருப்பதால் மூடிய நிலையிலும் சந்து தெரிகிறது. மேலும், பெட்டிகளின் உட்புறத்தில் ஆளிவிதை எண்ணெய் பூசியிருக்கிறார்கள் போலிருக்கிறது. திறந்தால் வாடை அடிக்கிறது, பக்கங்கள் தொட்டால் பிசுக்கென்று ஒட்டுகின்றன. மூன்றையும் புதிதாகவே செய்ய வேண்டுமா?

பழையசாமான் (முனீஸ்வரன் கோவில் தெரு)

புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. எங்கள் கடைக்கு வருகின்ற பழைய மேசைகளில் பெரும்பாலானவை இதைவிட மோசமான நிலையில்தான் வருகின்றன. பக்கப் பலகைகளின் அடிவிளிம்பு தேய்ந்து, பெட்டி முன்னால் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, முன் குறுக்குச் சட்டத்தில் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். தேய்ந்த விளிம்பை நேராக இழைத்து அதே மரத்தில் பட்டை ஒட்டுவோம். கீழ்ச்சட்டத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றித் திருப்பிப் போடுவோம், முடியாவிட்டால் பள்ளத்தில் துண்டு வைத்து அடைப்போம்.

உங்கள் பெட்டியின் பக்கங்களுக்கு, ஒரு நூல் தடிமனில் தேக்குப் பட்டையைப் பக்கப் பலகையின் முழு அகலத்துக்கும், நாரின் போக்கு ஒன்றாக இருக்கும்படி ஒட்டி, பிறகு வாய்க்கேற்ப இழைத்துக்கொள்ளலாம். புறாவால் மூட்டு மறைந்துவிடுமே என்று மனம் கேட்காவிட்டால், பெட்டியை விட்டுவிட்டு, கூட்டின் வழிச்சட்டத்தில் பட்டையை ஒட்டி உள்ளே கொண்டுவரலாம். விற்பனைக்கு வருகின்ற பழைய சாமானில் நாங்கள் இரண்டாவது வழியைத்தான் பின்பற்றுகிறோம், ஏனென்றால் வாங்குகிறவர்கள் முதலில் பெட்டியை உருவி மூட்டைத்தான் பார்ப்பார்கள்.

எண்ணெய்ப் பிசுக்கை மூடிய பெட்டிக்குள் விட்டால் அது காய்ந்து முடிய வெகுகாலமாகும். தின்னரால் துடைத்து, வெயிலில் வைக்காமல் நிழற்காற்றில் ஆறவிட்டு, உட்புறத்துக்கு அரக்கு மெல்லியதாக ஒரு கை பூசுங்கள். ஓடுகின்ற பரப்புகளுக்குத் தேன்மெழுகைத் தவிர எதுவும் வேண்டாம்.

பள்ளத்தூரான்

சேனல் யோசனையை இந்த மேசையைப் பொறுத்தவரையில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அரை அங்குலம் இரு பக்கமும் போனால் பெட்டியையே புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும், அதில் இலாபமில்லை. கூலியைப் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

உளிச்சுருள் (காரைக்குடி)

முகப்புத்தூண் ஐயா, நீங்கள் கொடுத்த அளவுகளைப் பார்த்தபின் சொல்கிறேன். உயரத்தில் இருக்கும் அரை நூலில் தயவுசெய்து எவரையும் கை வைக்கவிடாதீர்கள். தை மாதத்தில் மரத்தில் மழை ஈரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். நூல்கணக்கு ஐயா சொன்ன அளவுப்படி, வருகிற ஐப்பசிக்கு அந்த இடைவெளி போதும், சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. பக்கங்களுக்குப் பழையசாமான் அண்ணன் சொன்ன இரண்டாவது வழியே உங்களுக்கும் ஏற்றது. பட்டையை ஒட்டுவதற்கு முன் வழிச்சட்டம் பின்னால் நெருங்கியிருக்கிறதா என்று அளந்துவிட்டு, நெருங்கியிருந்தால் பட்டையைப் பின்பக்கம் மெலிதாக இழைத்து ஒட்டுங்கள்.

முகப்பின் ஓரத்துச் சந்துக்கு, வெட்டுமுகத்தில் துண்டு ஒட்டினால் நிற்காது. முகப்பைச் சுற்றிலும் விளிம்பில் சிறு படி வெட்டி, ஒரு நூல் தடிமனில் விளிம்புப் பட்டை பதித்து, அதை முகப்பை விட அரை நூல் வெளியே துருத்தி நிற்கும்படி விட்டு, முன்விளிம்பை உருட்டிவிட வேண்டும். ஈட்டி மரத்தில் பதித்தால் தேக்கோடு பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும், சந்தும் மறைந்துவிடும், பட்டையின் வெளிவிளிம்பை வாய்க்கேற்ப மறுபடி இழைத்துப் பொருத்தவும் முடியும். மேல் விளிம்பில் பதிக்கும்போது மட்டும் அந்த அரை நூல் இடைவெளி குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் உள்ள அகலப் பெட்டிக்கு, கைப்பிடிகளை இரண்டு ஓரங்களிலிருந்து கழற்றி நடுவை நோக்கி நகர்த்துங்கள், அல்லது நடுவில் ஒரே கைப்பிடி வையுங்கள். பழைய துளைகளைத் தேக்கு முளையால் அடைத்துவிடலாம். அதன் பக்கப் பலகைகளைப் பின் பலகையைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்ட இடமிருந்தால், முழுவதும் திறக்கும்போதும் கூட்டுக்குள் அந்த இரண்டு அங்குலம் மிச்சமிருக்கும். இது புதிதாகச் செய்யும்போதே யோசிக்க வேண்டியது, இப்போது மெழுகோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெட்டி மூடும்போது முகப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக் கூட்டின் முதுகை நம்பாதீர்கள், ஏனென்றால் கூட்டின் பக்கம் ஒரே பலகை என்றால் முன்பின்னாகச் சுருங்கும். முன் குறுக்குச் சட்டத்தின் மேல், முகப்பின் உட்புறம் வந்து முட்டுகின்ற இடத்தில், விரல்நக அளவில் இரண்டு தடுப்புக் கட்டைகளை ஒட்டுங்கள். மார்க்கிங் கேஜை முகப்பின் தடிமனுக்கு வைத்து அதே அளவில் குறுக்குச் சட்டத்தில் கோடு கிழித்துக்கொண்டால், கட்டைகள் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும். பசை இழுபடுகின்ற நிலையில் இருக்கும்போதே பெட்டியை ஒரு முறை மெதுவாக மூடி, முகப்பு மேசையின் முகத்தோடு ஒரே மட்டத்தில் வந்து நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். பசை காய்கிற வரையில் பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், உள்ளே விட்டால் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.